பழுது பார்க்க நேரில் போவதா, கலப்பு மெய்ம்மை ஹெட்செட் வழியே வழிகாட்டுவதா?

கேள்வி: ஓசூர் பராமரிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் நிறுவனத்துக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் புனே அருகே சாக்கனிலும் இரண்டு சிறிய ஆலைகள் உண்டு. அங்கே கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் எதுவும் பெரிதாகப் பழுதானால், ஓசூரிலிருந்து எங்கள் மூத்த டெக்னீஷியன்களில் ஒருவர் கருவிப்பெட்டியோடு புறப்பட வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு அரை நாள் ஆகிறது. சாக்கனுக்கு ஒரு நாளே போய்விடுகிறது. அவர் போய்ச் சேரும்வரை இயந்திரம் நின்றபடியே இருக்கும்.

நிர்வாகம் இப்போது இரண்டு திட்டங்களை ஒன்றாக முன்வைத்திருக்கிறது. ஆலைக்கு ஒன்றாகக் கலப்பு மெய்ம்மை ஹெட்செட் வாங்குவது முதல் திட்டம். பழுதான இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞர் அதை அணிந்துகொள்வார்; அவர் காண்பதை ஓசூரில் இருக்கும் மூத்தவர் கணினித் திரையில் காண்பார்; மூத்தவர் திரையில் இடும் அம்புக்குறியும் வட்டமும் இளைஞரின் கண்முன், இயந்திரத்தின் உரிய பாகத்தின்மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்று ஆலைகளின் பராமரிப்புக் குழுவினரும் மாதம் ஒருமுறை ஓசூரில் கூடும் திட்டமிடல் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஹெட்செட் அணிந்து கணினி வரைந்து காட்டும் ஒரு மெய்நிகர் அறையில் பொம்மை உருவங்களாக, அதாவது அவதார்களாகச் சந்திப்பது இரண்டாவது திட்டம்.

முதல் திட்டத்துக்குச் சான்றாக லண்டனில் உள்ள இம்பீரியல் கல்லூரி மருத்துவமனைக் குழுமத்தைக் காட்டினார்கள். 2020-இல் கொரோனா வார்டுகளில் மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 என்ற கலப்பு மெய்ம்மை ஹெட்செட்டைப் பயன்படுத்தியதால், தொற்று அபாயம் மிகுந்த பகுதிகளில் ஊழியர்கள் செலவிட்ட நேரம் 83 விழுக்காடு வரை குறைந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. மருத்துவத்தில் முடிவது நம் வேலையில் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். கையிருப்பில் உள்ள ஹோலோலென்ஸ் 2 கருவிகளைக் குறைந்த விலைக்குத் தருவதாக ஒரு விற்பனையாளரும் சொல்லியிருக்கிறார்.

எனக்குத் தொழில்நுட்பத்தின்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் எங்கள் மூத்தவர்களில் இருவர் இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பயணம் நின்றுபோனால் அந்தக் கல்வியும் நின்றுபோகுமோ என்று அஞ்சுகிறேன். இந்தக் கருவிகளை விளம்பரத்தில் பார்த்ததோடு நில்லாமல், மாதக்கணக்கில் வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எது உண்மையிலேயே கிடைக்கிறது, எது போய்விடுகிறது?

மறுமொழி: கோவை ஸ்பிண்டில்

வணக்கம் ஐயா. இயந்திரங்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் 16 ஆண்டுகளாக என் தொழில். நீங்கள் சொல்லும் முதல் திட்டத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் வாழ்ந்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஜெர்மனியிலிருந்து உருளை வடிவப் பாகங்களைச் சாணை பிடிக்கும் ஒரு சிலிண்டிரிக்கல் கிரைண்டிங் இயந்திரம் வந்து இறங்கியது. அதை நிறுவித் தர வேண்டிய பொறியாளரால் வர முடியவில்லை. மார்ச் 23 முதல் நம் நாட்டுக்கான வழக்கமான பன்னாட்டு விமானங்கள் நின்றிருந்தன. உற்பத்தியாளர் ஒரு ஹெட்செட்டைக் கூரியரில் அனுப்பினார். நான் அதை அணிந்துகொள்ள, அவர்களுடைய பொறியாளர் ஜெர்மனியில் தம் வீட்டு மேசையிலிருந்து வழிகாட்டினார்.

மின் இணைப்பு வேலை நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக நடந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் கம்பிகளை இணைக்கும் நூற்றுக்கணக்கான டெர்மினல்கள் வரிசையாக இருக்கும். தொலைபேசியில் "மேலிருந்து மூன்றாவது வரிசை, இடமிருந்து பதினொன்று" என்று எண்ணிச் சொல்லிக் குழம்புகிற இடம் அது. இங்கே அவர் ஒரு அம்புக்குறியை இட்டால், நான் தலையைத் திருப்பினாலும் குனிந்தாலும் அது அந்த டெர்மினலைவிட்டு நகரவில்லை. இரண்டு கைகளும் வேலைக்கு எஞ்சியிருந்தன. இந்தத் தொழில்நுட்பம் தொழிற்சாலைக்குள் வந்ததே இப்படிப்பட்ட வேலைக்காகத்தான். விமானங்களுக்கான கம்பிக் கட்டுகளை இணைக்கும் தொழிலாளர்களுக்காகப் போயிங் நிறுவனத்தின் டாம் காடெலும் டேவிட் மிசெலும் 1990-களின் தொடக்கத்தில் வடிவமைத்த கண்ணாடியிலிருந்து வந்த வழி இது. ஆகவே கம்பி, வால்வு, பலகைச் சுவிட்சு என்று "எது" என்பதைக் காட்ட வேண்டிய வேலைகளில் நேரில் ஒருவர் பக்கத்தில் நிற்பதற்கு இது மிக அருகில் வருகிறது.

சிக்கல் இயந்திரத்தின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலை ஓட்டியபோது தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது மெல்லிய அதிர்வோடு ஒரு சத்தம் எழுப்பியது. எனக்குக் கேட்டது, ஜெர்மானியருக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை என்றே சொன்னார். அரை நாள் கழித்துத்தான் புரிந்தது: அணிந்தவரின் குரல் தெளிவாகப் போக வேண்டும் என்பதற்காக அந்த ஹெட்செட் சுற்றுப்புற இரைச்சலைத் தானாகவே வடிகட்டிவிடும். எங்கள் தொழிலில் அந்த இரைச்சல்தான் நோயாளி சொல்லும் வார்த்தை. கடைசியில் என் கைப்பேசியில் தனியாக ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன். அதைக் கேட்ட சில நிமிடங்களில் பேரிங்கைப் பொருத்தும்போது அதன்மேல் ஏற்றிவைக்கும் முன்னழுத்தம் சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

பிறகு சூடு. ஸ்பிண்டில் உறையின்மேல் உள்ளங்கையை வைத்தால் எத்தனை வினாடி தாங்க முடிகிறது என்பதைக் கொண்டு ஒரு மூத்தவர் முடிவெடுப்பார். எங்களிடம் வெப்பமானி இருந்தது, அளவைச் சொன்னேன். "எந்தப் பக்கம் முதலில் சூடேறியது, எப்படிப் பரவியது?" என்று அவர் அடுத்துக் கேட்டபோது, நான் கையை வைத்து வைத்து அவருக்கு வார்த்தையில் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணெயின் வாடை, குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கெட்டுப்போன நாற்றம், ஸ்க்ரூ இறுகும்போது ஸ்பானர் வழியே மணிக்கட்டுக்கு வரும் அந்த மெல்லிய தளர்வு ஆகியவை எந்தக் கண்ணாடி வழியாகவும் போகவில்லை. நேரில் வந்திருந்தால் 12 நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை 19 நாள் ஆனது. ஆனால் அவர் வர முடியாதிருந்த காலத்தில் அது முடிந்தது என்பதும் உண்மை. அதற்காக இன்றும் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தப் பொறியாளர் 2017-இல் கோவைக்கு வந்து எங்களோடு மூன்று வாரம் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். அவர் பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் "சரி" என்று இழுத்துச் சொன்னால் எனக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரியும். இடையில் அவர் நான்கு நாள் விடுப்பில் போனபோது வேறொருவர் வந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் சொன்னதில் பாதி விளங்காதபோதும் நான் "சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத, மூத்த, வெளிநாட்டுப் பொறியாளரிடம் "மறுபடி சொல்லுங்கள்" என்று நான்காவது முறையாகக் கேட்க நாக்கு எழவில்லை. அந்த நான்கு நாளில் செய்த இரண்டு பிழைகளும் அப்படி வந்தவைதான். உங்கள் சாக்கன் இளைஞர் ஓசூர் மூத்தவரிடம் எப்படிப் பேசுவார் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்பனையாளர் தரும் கருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹோலோலென்ஸ் 2-இன் உற்பத்தியை மைக்ரோசாஃப்ட் 2024 அக்டோபரில் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2027 டிசம்பர் 31 வரைதான். விலை குறைவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான். ஆலையின் உள் வலையமைப்போடு இணைக்கப்போகும் ஒரு கருவியை அந்த நிலையில் வாங்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓசூர் பராமரிப்பாளர்

மிக்க நன்றி. ஒலி வடிகட்டப்படுவது பற்றி எங்களுக்குச் செயல்விளக்கம் காட்டியவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த விளக்கமே அமைதியான குளிர்சாதன அறையில்தான் நடந்தது. இரண்டாவது திட்டமான மெய்நிகர் கூட்டத்தைப் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

மறுமொழி: சோழிங்கநல்லூர் வடிவமைப்பாளர்

வணக்கம். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இடைமுக வடிவமைப்பில் இருக்கிறேன். எங்கள் குழு எட்டு மாதம் மெய்நிகர் அறையில் கூடியது. அதன்பிறகு நாங்களே வேண்டிக் கேட்டு அதிலிருந்து வெளியே வந்தோம்.

முதலில், உங்கள் நிர்வாகத்தின் இரண்டு திட்டங்களும் ஒரே கருவியைப் பயன்படுத்தினாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பால் மில்கிராமும் ஃபுமியோ கிஷினோவும் 1994-இல் எழுதிய கட்டுரையில், ஒரு முனையில் முழு உண்மை உலகும் மறுமுனையில் முழு மெய்நிகர் உலகும் இருக்க, இடைப்பட்ட எல்லாவற்றையும் கலப்பு மெய்ம்மை என்று வகுத்தார்கள். உங்கள் முதல் திட்டம் உண்மை உலகின் பக்கம் நிற்கிறது: இயந்திரம் மெய்யானது, அம்புக்குறி மட்டுமே சேர்க்கப்பட்டது. இரண்டாவது திட்டம் மறுமுனைக்குப் போய்விடுகிறது: மேசை பொய், சுவர் பொய், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமும் பொய். என் அனுபவத்தில் இந்தக் கருவி இருவர் சேர்ந்து ஒரு பொருளைப் பார்ப்பதற்கு உதவுகிறது. இருவர் ஒருவரையொருவர் பார்ப்பதற்குத் தடையாகிறது. காரணம் எளிது: அது முகத்தின் பாதியை, அதுவும் கண்கள் இருக்கும் பாதியை, மூடிக்கொண்டிருக்கிறது. மறைத்ததை ஈடுசெய்ய ஒரு பொம்மை முகத்தை வரைந்து காட்டுகிறது. எங்கள் குழுவில் ஒரு பெண் தந்தையை இழந்து பணிக்குத் திரும்பிய முதல் நாள், அவருடைய அவதார் வழக்கம்போலப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூட்டம் முடிந்து அவர் தொலைபேசியில் பேசியபோதுதான் அவர் அழுதுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அதன்பின் அந்த அறைக்குள் போகவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பேச்சின் கால இடைவெளி. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே இயல்பான உரையாடலில் ஏறத்தாழ 200 மில்லி வினாடிகளே இருக்கும் என்பது பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது; அது 2009-இல் வெளியானது. மறுபுறம், எடுத்துக்காட்டாகச் சென்னையிலிருந்து ஜெர்மனியின் மியூனிக்குக்கு நேர்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே ஒரு வழிக்கே 35 மில்லி வினாடிக்குக் குறையாது. கேபிள் சுற்றிப் போகும் தூரம், படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரம், அவதாரை வரையும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால், மனிதர் பேச்சு மாறும் அந்தச் சிறு இடைவெளியை இயந்திரமே விழுங்கிவிடுகிறது. விளைவாக இருவர் ஒரே நேரத்தில் பேசுவதும், இருவரும் நிறுத்துவதும், கடைசியில் பதவியில் பெரியவர் மட்டும் பேசுவதும் நடக்கும். ஓசூருக்கும் சாக்கனுக்கும் தொலைவு குறைவென்றாலும், கருவிக்குள் ஏற்படும் தாமதம் அங்கேயும் உண்டு.

நாள் முழுவதும் அணிந்து வேலை செய்வது பற்றிச் சான்றே இருக்கிறது. ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேர் ஒரு வாரம் நாளுக்கு எட்டு மணி நேரம் ஹெட்செட்டுக்குள்ளேயே தங்கள் வழக்கமான வேலையைச் செய்தார்கள். வழக்கமான மேசையோடு ஒப்பிட்டபோது வேலைச் சுமை 35 விழுக்காடும், எரிச்சல் 42 விழுக்காடும், கண் அயர்ச்சி 48 விழுக்காடும் அதிகமாக உணரப்பட்டன. இந்த 16 பேரைத் தவிர, தொடங்கிய இன்னும் இருவர் முதல் நாளிலேயே விலகிவிட்டார்கள். அது முழு மெய்நிகர் வேலை பற்றிய ஆய்வு என்பதால் உங்கள் முதல் திட்டத்துக்கு அப்படியே பொருந்தாது, இரண்டாவதற்குப் பொருந்தும்.

இதையெல்லாம் சொல்வதால், எல்லோரும் எல்லா நாளும் அலுவலகம் வர வேண்டும் என்பது என் கட்சி என்று எண்ணிவிடாதீர்கள். சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே பணியை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; வேலைத் தரத்தில் குறையில்லை. தினமும் ஓ.எம்.ஆர். சாலையில் இரண்டரை மணி நேரம் இழப்பவள் என்ற முறையில் அது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் யாரும் ஹெட்செட் அணியவில்லை. சாதாரணக் கணினியும் தொலைபேசியும் போதுமானவையாக இருந்தன.

அதே நேரத்தில், வீட்டில் இருந்தால் புதியவர்களோடு உறவு வளர்வதில்லை என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2020-இன் முதல் ஆறு மாதங்களில் அமெரிக்காவிலிருந்த 61,182 மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் தொடர்புகளை ஆராய்ந்தபோது, முழுவதும் வீட்டு வேலைக்கு மாறியபின் ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே சுருங்கியது தெரிந்தது. உங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் உண்மையான பயன் எங்கே விளைகிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்ட அறையில் மட்டும்தானா, அல்லது மதிய உணவில் சாக்கன் இளைஞர் இருங்காட்டுக்கோட்டை இளைஞரிடம் "உங்கள் ஆலையிலும் அந்த பம்ப் இப்படித்தான் மக்கர் செய்கிறதா?" என்று கேட்கும் இடத்திலுமா? மெய்நிகர் அறையில் அந்த உணவு மேசை கிடையாது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் மறைந்துவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து ஹெட்செட் அணிவது பற்றிப் பெண்கள் சார்பாக ஒரு வார்த்தை. சிறிய வீட்டில், கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு, யார் அறைக்குள் வருகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒருநாளும் பழகவில்லை. வெளியுலகைக் காமிரா வழியே காட்டும் கருவிகள் வந்தபின் அது குறைந்தது, தீரவில்லை.

மறுமொழி: கண்ணொளி

நான் பார்வை அளவைத் துறையில் இருக்கிறேன். மேலே கண் அயர்ச்சி பேசப்பட்டதால், அதன் காரணத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது நம் இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. அதே கணத்தில் கண் வில்லை அந்தத் தூரத்துக்குக் குவிகிறது. இந்த இரண்டும் இயல்பாகவே பிணைந்து நடப்பவை. ஹெட்செட்டில் படம் எவ்வளவு அருகில் இருப்பதுபோல் தோன்றினாலும், ஒளியியல் முறையில் அதன் குவியம் ஒரே தூரத்தில் நிலையாக இருக்கும். ஹோலோலென்ஸில் அது ஏறத்தாழ 2 மீட்டர். அதனால்தான் படங்களை 1.25 மீட்டருக்கு அப்பால் வைக்கும்படி அதன் வடிவமைப்புக் குறிப்புகள் அறிவுறுத்துகின்றன. உங்கள் டெக்னீஷியன் ஸ்பானர் பிடித்திருப்பதோ அரை மீட்டர் தூரத்தில். ஸ்பானரைக் கூர்ந்து பார்த்தால் அம்புக்குறி மங்கும்; அம்புக்குறியைப் பார்த்தால் ஸ்பானர் மங்கும். கண் இரண்டுக்கும் இடையே ஓயாமல் அலைவதுதான் தலைவலியாக வெளிப்படுகிறது.

நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே அருகிலுள்ளதைப் பார்ப்பவர்கள். படமோ நேர் எதிரே, தொலைவுப் பகுதியில் விழும். ஆகவே ஹெட்செட் அணிபவர் இளைஞராகவும், திரைமுன் இருப்பவர் மூத்தவராகவும் இருக்கும் உங்கள் ஏற்பாடு கண்ணைப் பொறுத்தவரை சரியானது. எடையையும் கவனியுங்கள்: ஹோலோலென்ஸ் 2 566 கிராம், மெட்டாவின் குவெஸ்ட் 3 515 கிராம், 2024-இல் வந்த ஆப்பிளின் விஷன் புரோ 600 முதல் 650 கிராம். குனிந்து வேலை செய்யும் கழுத்துக்கு அது சிறிய சுமையல்ல. இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றிவைத்துத் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கு இது மாற்றாகாது.

மறுமொழி: ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்

வணக்கம் தம்பிகளே, அம்மா. முப்பத்தோரு ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தேன். இதுவரை வந்த மறுமொழிகள் நேரில் இருப்பதன் சிறப்பைச் சரியாகவே சொல்லியிருக்கின்றன. ஆயினும் கற்பித்தலைப் பொறுத்தவரை நேரில் இருப்பதிலும் ஒரு பெருங்குறை உண்டு. அதை முப்பத்தோரு ஆண்டும் அனுபவித்தவன் நான்.

இயந்திரத்தின் படுகைத் தளத்தில் நீல மை தடவி, மேடான இடங்களைக் கண்டு, ஸ்கிரேப்பரால் மைக்ரான் கணக்கில் சுரண்டி எடுக்கும் வேலையைக் கற்பிக்கும்போது இருபது மாணவர்கள் என்னைச் சூழ்ந்து நிற்பார்கள். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் என் கையும் தளமும் ஒன்றாகத் தெரியும். மற்றவர்கள் என் முதுகைப் பார்த்துக் கற்றவர்கள். எதிரே நின்றவர்களுக்கும் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். ஆசானின் கண் இருக்கும் இடத்திலிருந்தே ஆசானின் கையைப் பார்க்கும் வாய்ப்பு எந்த மாணவனுக்கும் இருந்ததில்லை. இந்த ஹெட்செட்டை மூத்தவர் அணிந்து வேலை செய்தால் அந்த வாய்ப்பு முதன்முறையாகக் கிடைக்கிறது. மேலும், அவர் எங்கே பார்க்கிறார், எதைத் தொடுவதற்கு முன் எதைப் பார்க்கிறார் என்பதெல்லாம் பதிவாகிறது. அனுபவசாலி இயந்திரத்தின் முன் வந்ததும் பழுதான இடத்தைப் பார்ப்பதில்லை. தரையில் சிந்தியிருக்கும் எண்ணெயையும் தேய்ந்த உறையையும் பார்க்கிறார். ஏன் அங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பதிவு அதைக் காட்டும்.

நிர்வாகத்தின் திட்டத்தில் ஹெட்செட் இளைஞரின் தலையில் இருக்கிறது. என் கருத்தில், முதல் ஓராண்டுக்கு அது மூத்தவரின் தலையில் இருக்க வேண்டும். அதுவும் அவர் பயணம் போகும்போதே. அவர் சாக்கனுக்குப் போகட்டும், ஒரு இளைஞரை உடன் கூட்டிப் போகட்டும், மற்ற ஐந்து பேர் ஓசூரிலிருந்து அவர் கண் வழியே பார்க்கட்டும். லண்டன் மருத்துவமனையிலும் நடந்தது அதுவே என்பதைக் கவனியுங்கள். அங்கே நோயாளியிடம் மருத்துவரே போகாமல் இருந்துவிடவில்லை. ஒருவர் ஹெட்செட்டோடு உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தார். பலர் போக வேண்டிய தேவைதான் குறைந்தது. உள்ளே போனவரும் ஒரு மருத்துவரே. உங்கள் நிர்வாகம் அனுபவம் குறைந்தவரை உள்ளே நிறுத்திவிட்டு, தேர்ந்தவரை வெளியே உட்கார வைக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

இளைஞர் அணியும் முறையில் இன்னொன்றை நான் அஞ்சுகிறேன். அம்புக்குறி காட்டும் இடத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி, அடுத்த அம்புக்குறி காட்டும் இடத்தில் மாட்டினால் இயந்திரம் ஓடிவிடும். ஆனால் அந்தப் பையன் கற்றது அம்புக்குறியைப் பின்பற்ற மட்டுமே. சிந்தனை ஓசூரில், கை சாக்கனில் என்று பிரிந்துவிட்டால், மூத்தவர் ஓய்வு பெறும் நாளில் இரண்டு ஊரிலும் ஒன்றும் எஞ்சாது. ஆகவே விதி ஒன்று வையுங்கள்: மூத்தவர் முதல் பத்து நிமிடம் அம்புக்குறி இடக் கூடாது. என்ன பழுது என்று நினைக்கிறாய், எங்கே பார்க்கப் போகிறாய் என்று பையனைக் கேட்டு, அவன் சொன்ன பிறகே காட்ட வேண்டும். என் வகுப்பில் விடையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன், அதேதான்.

ஃபைலைப் பிடித்திருக்கும் மாணவனின் கைமேல் என் கையை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அழுத்திக் காட்டுவேன். அந்த ஒன்றுக்கு இந்தக் கருவியில் வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்காகவாவது ஒவ்வொரு இளைஞரும் ஆண்டுக்குச் சில வாரங்கள் மூத்தவரின் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

கோவை ஸ்பிண்டில்

ஐயா சொன்ன பத்து நிமிட விதியை முழு மனதோடு வழிமொழிகிறேன். என்னை வழிநடத்திய ஜெர்மானியர் அறியாமலே அதைக் கடைப்பிடித்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் கடைப்பிடிக்கவில்லை. உற்பத்தி நின்றிருக்கும் நேரத்தில், மேலாளர் பின்னால் நிற்கும்போது, பத்து நிமிடம் காத்திருப்பது கடினம். ஆகவே அது எழுத்தில் உள்ள நடைமுறையாக இருக்க வேண்டும். மேலும், ஹெட்செட்டை வாங்குவதற்கு முன் அதை உங்கள் கூடத்தின் மிக மோசமான மூலையில், இரும்புக் கூரைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே வைஃபை திணறும் இடத்தில், முழு ஷிப்ட் ஓடும்போது சோதித்துப் பாருங்கள்.

ஓசூர் பராமரிப்பாளர்

உங்கள் அனைவருக்கும் நன்றி. எங்கள் பிரிவில் இரண்டு நாள் பேசி, நிர்வாகத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாதாந்திரக் கூட்டம் நேரிலேயே தொடர வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக்கி, இடைப்பட்ட மாதத்தில் சாதாரணக் காணொலி அழைப்பு போதும். ஹெட்செட் வாங்கலாம், ஆனால் கைவிடப்பட்ட மாதிரி வேண்டாம். முதலில் இரண்டு மட்டும். சுற்றுப்புற ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் வசதி இல்லையென்றால், இயந்திரத்தின்மேல் வைக்கும் தனி ஒலிவாங்கி கூடவே வர வேண்டும். மின் பெட்டி, காற்றழுத்த (நியூமேட்டிக்) குழாய், கட்டுப்பாட்டுக் கணினியின் அளவுரு மாற்றம் ஆகிய பழுதுகளுக்கு ஹெட்செட் வழியே வழிகாட்டல். ஸ்பிண்டில், பாகங்கள் சறுக்கி நகரும் தடமான கைடுவே, அவற்றை நகர்த்தும் திருகான பால்ஸ்க்ரூ ஆகியவற்றில் பழுது என்றால் மூத்தவர் நேரில் போவார், உடன் ஒரு இளைஞரும் போவார். இந்தக் கடைசி வரியை நிதிப் பிரிவு எதிர்க்கும் என்று தெரியும். நிதிப் பிரிவோடு நேரில் உட்கார்ந்து பேச நேரம் கேட்டிருக்கிறேன்.

பயிற்றுநர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். கருவி வந்ததும், முதல் பதிவாக எங்கள் மூத்தவர் ஒருவர் ஸ்பிண்டிலைக் கழற்றி மாட்டுவதை எடுக்கலாம் என்று இருக்கிறோம். என்ன செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்ய அவருக்கு வராது. செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அன்று நீங்கள் ஓசூருக்கு வந்து அவர் பக்கத்தில் நின்று, ஒரு மாணவனுக்காகக் கேட்பதைப்போல அவரைக் கேள்வி கேட்க இயலுமா? வண்டி அனுப்புகிறோம். சம்மதமென்றால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.

ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்

வருகிறேன் தம்பி. அவர் கழற்றத் தொடங்குவதற்கு முன்பே, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் அங்கே இருக்க வேண்டும். காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.